உடலடங்கு

காலை உணவு முடிந்ததும் பிரகாசி கட்டிலில் படுத்து, போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டு, தன் உடலை அங்கேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

வேலை வடதுருவக் கடலில். பனிப்பாளத்துக்கு அடியில் இருந்த ஒரு துறைமுகத்தின் தூண்களில் விரிசல் பார்க்க வேண்டும். அங்கே அவளுக்காக ஒரு புறவுடல் காத்திருந்தது. ஆறு கைகளும் இரண்டு விளக்குகளும் குளிர் உறைக்காத தோலும் கொண்ட எந்திர உடல். தூத்துக்குடியில் கண்ணை மூடி அங்கே கண்ணைத் திறக்க, ஒரு கொட்டாவி விடும் நேரம் போதும். பக்கத்துக் கட்டிலில் அவள் கணவன் தனிஸ்லாஸின் உடல் கிடந்தது. அவன் முந்தின மாலையே தென்னமெரிக்காவில் ஒரு விடுதியின் வரவேற்பறை வேலைக்குப் போயிருந்தான்.

இரண்டு கட்டில்களுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து அவர்களுடைய மகள் அமலி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. பதினெட்டு முடியும்வரை பிடரியில் மனத்தை அனுப்பும் சில்லு பதிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதால் அவளுக்கு இருந்தது ஒரே உடல்தான். அம்மாவின் போர்வை விலகினால் எழுந்து சரிசெய்வாள். அப்பாவின் மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்டுவாள். கட்டில்களே கைகால்களைப் பிசைந்துவிட்டு, வேளாவேளைக்குத் தண்ணீரும் சத்தும் ஏற்றிவிடும் என்பதால் அதற்கு மேல் அவளுக்கு வேலை இல்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். இதில் ஒரு குறை இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

அப்போதுதான் சில்லுக் காய்ச்சல் வந்தது. ஒரு புறவுடலுக்குள் புகுந்து வெளியேறும் மனம் அந்த இணைப்பு வழியாகவே நோயைக் கொண்டுவந்தது. பிடரி கொதிக்கும்; மூன்றாம் நாள் நினைவு தப்பும். உலகம் முழுவதும் ஒரே நாளில் இணைப்புகள் அறுக்கப்பட்டன. அவரவர் தத்தம் உடலுக்குத் திரும்பி அதிலேயே இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. பழைய காலத்து ஊரடங்கை நினைத்து மக்கள் அதற்கு உடலடங்கு என்று பெயர் வைத்தார்கள். ஊரைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்தார்கள். அவரவர் வட்டத்தின் எல்லைக்குள் நடக்கலாம். எல்லையைத் தாண்டக் கூடாது. அவர்களுடைய வட்டம் கடற்சுவரில் தொடங்கி உப்பளத்தின் வரப்பில் முடிந்தது.

முதல் நாள் தெருமுனைவரை போவதற்குள் தனிஸ்லாஸுக்கு முழங்கால் ஆடியது. அவன் மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் கால்தானா இது? வேற யாரோடதயும் மாட்டிவிட்டுட்டாவளா?" என்றான்.

பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் விலா வலித்தது. அந்த வலிகூட அவளுக்குப் புதிதாக இருந்தது.

வழிகாட்டியவள் அமலிதான். வெறும் வட்டம்தானே, பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தவர்களை அவள் சந்து சந்தாக இழுத்துப் போனாள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைப்பதுபோல் வாலாட்டும் என்று சொன்னாள். கடற்சுவரின் விரிசல் ஒன்றில் தான் ஒளித்துவைத்திருந்த சோழிகளை எடுத்துக் காட்டினாள். மாலையில் உப்பளத்துப் பாத்திகளில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போய், "பேசாம நில்லுங்க, பறந்துரும்" என்று இருவரையும் அதட்டினாள். பனிக்கடலில் திமிங்கலத்தைத் தொட்டுப் பார்த்திருந்த பிரகாசி, தன் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பூநாரை வரும் என்பதை அன்றுதான் அறிந்தாள்.

வேறொன்றையும் அறிந்தாள். ஒருநாள் உப்பு வரப்பில் குச்சியால் அமலி தன் பெயரை எழுதினாள். இடது கையால்.

"ஏட்டி, நீ எப்பலேர்ந்து இடது கையில எழுதுத?"

அமலி நிமிர்ந்து பார்த்தாள். "எப்பவுமே அப்படித்தானேம்மா."

பிரகாசி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்கு எது எழுதும் கை என்று தெரியாமல் ஒன்பது வருடம் கழிந்திருந்தது. இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று மகளைக் கெஞ்சலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அதற்குப் பின் வந்தவை நல்ல நாட்கள். ஒரே சட்டியில் கஞ்சி ஊற்றி, நெத்திலிக் கருவாட்டைச் சுட்டுக் கடித்துக்கொண்டார்கள். மத்தியானம் சீட்டில் கழுதை விளையாடினார்கள். தனிஸ்லாஸ் சீட்டைத் தொடைக்கடியில் ஒளித்துவைத்துப் பிடிபட்டான். மொட்டைமாடியில் துணி காயப்போடுவதுகூட ஒரு விளையாட்டாயிற்று. சாயங்காலம் ஆனால் தெருவே கடற்சுவருக்கு வந்தது. ஒரே தெருவில் இருபது வருடம் படுத்துக்கிடந்தவர்கள் நின்று பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

சுவருக்கு வராதவர் எதிர்வீட்டு வேதமுத்து மட்டும். அவருடைய மனைவி பிலோமினா நிலவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தாள். நிலவு தொலைவு என்பதால் அங்கே போகிறவர்களின் மனத்தை முழுதாக ஏற்றி அனுப்புவார்கள். இங்கே உடல் ஆழ்ந்து உறங்கும். ஆணை வந்தபோது முதலில் அறுந்தது நிலவுக்கான இணைப்பு. பிலோமினா அங்கேயே நின்றுவிட்டாள். அவள் உடல் கிடந்த இந்த வட்டத்தில் காய்ச்சல் அறவே இல்லை என்று உறுதியானால்தான் அவளைக் கீழே இறக்குவார்கள். அதுவரை வேதமுத்து அவள் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பிடரிமானி சொல்லும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் அந்தச் சிறு கருவியைப் பிடரியில் வைத்து எடுப்பார்கள். அளவு நேராகச் சுகாதார அலுவலகத்துக்குப் போகும். எல்லா வீடும் சரியாக இருந்தால் தெருமுனை விளக்கு பச்சையாக எரியும். ஒரு வீட்டில் சூடு இருந்தாலும் சிவப்பு. வட்டம் முழுவதற்கும் இன்னொரு வாரம் உடலடங்கு. எந்த வீடு என்று வெளியே சொல்வதில்லை.

ஒரு சனிக்கிழமை, பிரகாசியின் நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. உங்கள் வட்டம் நாளை திறக்கப்படலாம். தேங்கிய வேலை நிறைய இருப்பதால் இனி இரட்டை நேரம் பணி. தனிஸ்லாஸுக்கும் அப்படியே வந்தது. இருவரும் செய்தியை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அமலி பல் தேய்த்துக்கொண்டே வந்து கேட்டாள். "இன்னைக்குச் சாயங்காலம் உப்பளத்துக்குப் போறோம்லா? குஞ்சு பூநாரை ஒண்ணு வந்திருக்கு. சாம்பல் நிறத்துல."

"போவோம்" என்றாள் பிரகாசி. "நாளைக்கும் போவோம்."

சொன்னவள் அடுக்களைக்குள் போனாள். தேநீர்க் குவளை சூடாக இருந்தது. பிடரிமானியை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தாள். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். தெருமுனையில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அன்று மாலை சாம்பல் குஞ்சு தாயின் பின்னால் தத்தித் தத்தி நடந்ததை மூவரும் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே செய்தாள். அதற்கடுத்ததும்.

நாலாவது வாரத்தில் வேதமுத்து வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தூக்குச்சட்டி. "மீன்குழம்பு வச்சேன். ஒத்தை ஆளுக்கு அளவு தெரியல, கூடிப்போச்சு. பிள்ளைக்குக் குடுங்க."

"எதுக்கு அண்ணாச்சி..."

"இருக்கட்டும்மா. இந்த வாரமாவது பச்சை விழும்லா? டாக்டர் ஒரு மாதிரியா சொல்லுதாரு. மனசு இல்லாம உடம்பு ரொம்ப நாளு கெடந்தா, காலு மறந்துருமாம்."

அவர் போன பிறகு பிரகாசி குழம்பை அமலிக்கு மட்டும் ஊற்றினாள். மறுநாள் பாத்திரத்தைக் கொடுக்கப் போன பிரகாசி உள்ளே அழைக்கப்பட்டாள். ஜன்னலோரக் கட்டிலில் பிலோமினா கிடந்தாள். தலை வாரி, பூ வைத்து, புதுச் சேலை உடுத்தப்பட்டிருந்தாள். கால்கள் மட்டும் சேலைக்கு வெளியே தெரிந்தன. மெலிந்து, தேய்த்த எண்ணெயில் மினுங்கின. சுவரில் இருந்த பேசியில் நிலவிலிருந்து குரல் வந்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இடைவெளி விழுந்தது.

"யாரு வந்திருக்காவ?"

"எதிர்வீட்டுப் பிரகாசி."

"பிரகாசி, நல்லாருக்கியாம்மா?" இடைவெளி. "என் கால நீ பாத்தியா? இவுக நல்லாருக்குன்னுதான் சொல்லுவாக. நீ சொல்லு. எப்படி இருக்கு?"

பிரகாசி கட்டிலைப் பார்த்தாள். "நல்லாருக்கு மைனி" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

தெருவைக் கடந்து வீட்டுக்கு வருவதற்குள் உடம்பு கூசிப்போயிற்று. தன் உடலுக்குள் இருப்பது அவ்வளவு கடினமாக அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எங்காவது கடலுக்கடியில், ஆறு கையும் இரும்புத் தோலுமாக இருந்தால் இவ்வளவு சுடாது என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிடரிமானியைத் தன் பிடரியில்தான் வைத்தாள். அளவு சரியாகக் காட்டியது. வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்தாள். விளக்கு சிவப்பாக எரிந்தது.

பின்கட்டில் இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாக இருந்தது. தேய்க்கத் துணி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. தனிஸ்லாஸ் பிடரிமானியைக் கையில் வைத்தபடி தலைகுனிந்து நின்றான்.

"நீ தேநீர்ல வச்சத அன்னைக்கே பாத்தேன்" என்றான். "நீ கேக்காமலே எனக்காவும் சேத்துச் செய்யுதன்னு நினைச்சேன். இன்னைக்கு நீ செய்யல. அதான்..."

"அந்தப் பொம்பள நிலவுல நின்னுக்கிட்டு என் கால் எப்படி இருக்குன்னு கேக்காங்க. நான் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"தெரியாமப் போச்சு."

"தெரிஞ்சுதான் செஞ்சோம்."

அவன் இஸ்திரிப் பெட்டியின் செருகியைப் பிடுங்கினான். அடுத்த ஞாயிறு இருவரும் ஒருவர் முன்னால் ஒருவர் நின்று பிடரியில் வைத்தார்கள். இருவருக்கும் சரியாகவே காட்டியது. இருவரும் சேர்ந்தே தெருமுனைக்கு நடந்தார்கள்.

விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

பிறகும் மூன்று வாரம் அது மாறவில்லை. கடைசியில் சுகாதார அலுவலர் நேரில் வந்தார். வாராவாரம் சூடு காட்டும் வட்டத்திலிருந்து ஒரு நோயாளிகூட மருத்துவமனைக்கு வராதது அவருக்கு ஐயமாகியிருந்தது. இளம்பெண். தன் கையிலிருந்த கருவியை வீடுவீடாகப் போய் ஒவ்வொரு பிடரியிலும் தானே வைத்துப் பார்த்தார். பிறகு எல்லோரையும் தெருவுக்கு வரச் சொன்னார்.

"இந்த வட்டத்துல காய்ச்சல் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு" என்றார். "எங்களுக்கு வந்த அளவுல பாதி மனுஷச் சூடே இல்ல. டீ டம்ளர், வெந்நீர்ப் பை, ஒருத்தர் தோசைக்கல்லுலயே வச்சிருக்கீங்க. எந்தெந்த வீடுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. சொல்லவும் வேண்டாம். இத்தனை வீடுன்னு பாத்தா, செய்யாத வீட்டத்தான் தேடணும்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. நேற்று மாலைவரை சுவரோரம் கதைபேசிச் சிரித்தவர்கள் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் திருடன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது தெரிந்த செய்தி யாருக்கும் ஆறுதலாக இல்லை.

வேதமுத்து மட்டும் தலைநிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தனக்கு விளங்காத ஒரு கணக்கை யாராவது சொல்லித்தர மாட்டார்களா என்று கேட்பவர்போல் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் பிலோமினாவைக் கீழே இறக்கினார்கள். கண் திறந்தது. கை அசைந்தது. பேச்சு வந்தது. கால் வரவில்லை. சில வாரம் முன்பே வந்திருந்தால் எழுந்து நடந்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகத் தெரு முழுவதும் பேச்சு. பேசியவர்கள் மெதுவான குரலில்தான் பேசினார்கள்.

பிரகாசி சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனாள். வேதமுத்து திண்ணிய சக்கரங்கள் கொண்ட ஒரு தள்ளுநாற்காலியை முற்றத்தில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்லாண்டாம்மா." அவர் துணியைக் கீழே வைத்தார். "நீ ஒருத்திதான் வந்து அவளப் பாத்த. அவ காலப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்ன. அதையே சொல்லிச் சொல்லித்தான் அங்கன கெடந்தாளாம். இந்தத் தெருவுல கள்ளம் இல்லாத வீடு உங்க வீடு ஒண்ணுதான்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன்."

பிரகாசி வாயைத் திறந்தாள். உள்ளிருந்து பிலோமினா, "யாரு, பிரகாசியா? உள்ள வரச் சொல்லுங்க" என்றாள். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவள் திரும்பி வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

உடலடங்கு நீங்கியது. இனி எல்லை கிடையாது. எவ்வளவு தூரமும் நடக்கலாம். தினமும் மாலையில் ஒரு நடை போவதென்று வீட்டில் மூவரும் முடிவு செய்தார்கள். முதல் வாரம் போனார்கள். பிறகு இரட்டை நேரப் பணி தொடங்கியது. நெடுநேரம் புறவுடலில் இருந்துவிட்டுத் திரும்பினால் சொந்த உடல் மரத்துப்போயிருக்கும், தலை சுற்றும், எழுந்து நிற்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். எழுந்தபின் நடக்க நேரம் இருப்பதில்லை. எல்லா வீட்டிலும் இதே கதைதான். கடற்சுவர் வெறிச்சோடியது.

மக்களுக்கு நடைமேல் வந்த ஆசையை ஒரு நிறுவனம் கவனித்திருந்தது. ஊர்தோறும் நல்ல இடங்களில் சாம்பல் நிறத்தில் மெல்லிய புறவுடல்களை நிறுத்தியது. இங்கே கடற்சுவரிலும் வரிசையாக நிறுத்தியது. வேலைக்கு நடுவே அரைமணி இடைவேளை கிடைத்தால் போதும். ஒரு புறவுடலிலிருந்து நேராக இன்னொன்றுக்குத் தாவி, காற்றாட நடந்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போய்விடலாம். முழங்கால் வலி கிடையாது.

"நடைதானே முக்கியம்" என்றான் தனிஸ்லாஸ். "யாரு காலா இருந்தா என்ன?"

பள்ளி விடும் நேரத்துக்கு அமலிக்குச் செய்தி அனுப்பினார்கள். சுவர்ப்பக்கம் வா, நாங்களும் வாரோம்.

பிரகாசி சாம்பல் உடலுக்குள் கண்ணைத் திறந்தபோது சுவர் நெடுக நடமாட்டமாக இருந்தது. ஐம்பது அறுபது சாம்பல் உடல்கள் இரண்டிரண்டாக நடந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே உயரம், ஒரே முகம், ஒரே குரல். பக்கத்தில் இருந்த உடல் தலையை ஆட்டியதில் அது தனிஸ்லாஸ் என்று தெரிந்துகொண்டாள். காற்று அடிப்பது தெரிந்தது. உப்பு வாசனை மட்டும் இல்லை. இந்த உடலுக்கு மூக்கு வைக்கவில்லை.

எதிரே தள்ளுநாற்காலி வந்தது. வேதமுத்து தள்ள, பிலோமினா மடியில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் தோலும் சதையுமாக இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. பிரகாசியின் அருகே வந்ததும் வேதமுத்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, வெளியூர் ஆட்களிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

"புதுசா வந்திருக்கீங்களா? எந்த ஊருங்க?"

இருநூறு அடிக்கு அப்பால் அவளுடைய வீட்டு மொட்டைமாடி தெரிந்தது.

"வெளியூர்" என்றாள் பிரகாசி.

"சந்தோஷம். நல்லா நடங்க. இங்க காத்து நல்லாருக்கும். அந்தால போனா உப்பளத்துல பூநாரை நிக்கும்." அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, மனைவியின் முகத்தில் வெயில் படாதபடி நிறுத்தினார். "எங்கெங்கிருந்தோ வந்து பாத்துட்டுப் போறாங்க. இந்தத் தெருக்காரங்கதான் ஒருத்தரும் வாரதில்ல. என்ன வேலையோ, பாவம்."

தனிஸ்லாஸ் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பிலோமினா அவர்கள் இருவரையும் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தாள்.

அப்போது பள்ளிப் பையோடு அமலி ஓடிவந்தாள். "மாமா! அத்தை!" என்று நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அப்புறம் சுவர் நெடுகப் பார்த்தாள். ஒரே முகமாக நகர்ந்துகொண்டிருந்த அத்தனை சாம்பல் உடல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, மிக அருகில் நின்றிருந்த உடலிடம் கேட்டாள்.

"எங்க அம்மாவும் அப்பாவும் இங்கன வாரோம்னு சொன்னாவ. நீங்க பாத்தியளா?"

வேதமுத்துவும் பிலோமினாவும் பதிலுக்காக அந்தச் சாம்பல் முகத்தைப் பார்த்தார்கள்.

"இப்ப வந்துடுவாங்க, பாப்பா" என்றாள் பிரகாசி, வெளியூர்க்காரர்கள் பேசுவதைப் போலவே.